காமாலையைத் தீர்ப்பது கீழாநெல்லியா, டி செல்களா?

சித்தூர் மாவட்டத்தின் பாலசமுத்திரம் தமிழக எல்லையை ஒட்டியது. எல்லைக்கு இருபுறமும் காமாலை என்றதும் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். குடித்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறியும் விடுகிறார்கள். அந்தப் பெருமை இலைக்குச் சேர வேண்டியதில்லை, நோயாளியின் எதிர்ப்பாற்றல் அணுக்களான டி செல்களுக்கே சேர வேண்டும் என்பது என் வாதம். காமாலைக்குக் காரணமாகும் ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பெருகினாலும், பொதுவாகத் தானாக அதை அழிப்பதில்லை. தொற்றிய செல்லைக் கண்டுபிடித்துக் கொல்பவை சிடி8 வகை டி செல்கள். உடைந்த செல்களிலிருந்து எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் கசிகிறது. பரிசோதனைச் சீட்டில் எஸ்ஜிபிடி எகிறுவது அதனால்தான். பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி தேங்கிக் கண் மஞ்சளாகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றிய சிம்பன்சிகளிடம் சிடி8 செல்களை நீக்கிப் பார்த்தார்கள். அவை திரும்பி வரும்வரை வைரஸும் அடங்கவில்லை, கல்லீரல் அழற்சியும் தொடங்கவில்லை. காயமும் குணமும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு சென்னையிலிருந்தே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட தொற்றுள்ளவர்களில் 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. மதிக்கத்தக்க முயற்சி அது. ஆனால் பின்னர் மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. பெரியவர்களுக்கு வரும் புதுத் தொற்றிலோ, மருந்தே இல்லாமல் சுமார் 95 சதவீதம் பேர் வைரஸைத் துரத்திவிடுகிறார்கள்.

டி செல்கள்தான் காயப்படுத்துகின்றன என்றால் அவற்றை அடக்கிவிடலாமே என்று கேட்கலாம். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் ஸ்டீராய்டிலும் எதிர்ப்பாற்றல் தாழும்போது, உள்ளே உறங்கிய வைரஸ் மீண்டும் தலைதூக்குவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எனவே அடக்குவது வழியல்ல. அதேசமயம் காயம் மிஞ்சிப்போய், காமாலையோடு புத்தி தடுமாறினாலோ, ஓயாத தூக்கம் வந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் வேலூர் சிஎம்சி, திருப்பதி ஸ்விம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டி செல்கள் எதிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குழந்தைகளிடம் பார்க்கலாம்: பச்சிளங்குழந்தையின் டி செல்கள் இந்த வைரஸைச் சரியாக எதிர்ப்பதில்லை. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. பிற்காலத்தில் கல்லீரல் சுருக்க நோயும் கல்லீரல் புற்றுநோயும் அங்கிருந்தே தொடங்கலாம். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனையும், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும் இதைத் தடுக்கத்தான்.