இரும்பு அணுக்கருவில் நியூட்ரினோ மோதினால்? கணினி போடும் கணக்கு

நியூட்ரினோ என்றதும் பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு நினைவுக்கு வருவது தேனி மாவட்டம் பொட்டிப்புரமும் அங்கு எழுந்த எதிர்ப்பும்தான். மலையைக் குடைய அனுமதி தர முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. மலையைத் தொடாமலே கணினியில் பல ஆண்டுகள் நடந்த வேலையைப் பற்றியே இங்கு சொல்கிறோம். இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வழி இருக்கிறது.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. மின்னூட்டம் இல்லாததால் எந்தக் கருவியிலும் அவை நேரடியாகத் தடம் பதிப்பதில்லை. அபூர்வமாக ஒன்று அணுக்கருவில் மோதும்போது சிதறும் துகள்களை வைத்துத்தான், வந்தது எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பொட்டிப்புரத்தில் இதற்காகத் திட்டமிடப்பட்டது 50,000 டன் இரும்புத் தகடுகள் கொண்ட கருவி.

சிக்கல் அணுக்கருவில் இருக்கிறது. கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் கண்ணுக்குத் தெரியாது; சிதறிய காய்களைப் பார்த்து அதன் வேகத்தைச் சொல்ல வேண்டும். காய்கள் ஓரிடத்தில் நின்றாலாவது பரவாயில்லை. இரும்புக் கருவில் உள்ள 26 புரோட்டான்களும், பெரும்பாலும் 30 ஆக இருக்கும் நியூட்ரான்களும் எப்போதும் அசைந்துகொண்டே இருப்பவை. மோதலில் பிறக்கும் பையான் என்ற துகள், வெளியே வருமுன் அதே கருவுக்குள் விழுங்கப்பட்டுவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் வேறு வகை மோதல் நடந்ததுபோல் தெரியும். ஆற்றல் கணக்கும் தவறும்.

இது வெறும் சந்தேகம் அல்ல. அமெரிக்காவின் ஃபெர்மிலேப்பில் நடந்த மினிபூன் சோதனை 2010-ல் வெளியிட்ட அளவீட்டில், கார்பன் கருவில் நடந்த மோதல்கள் அன்றைய மென்பொருள் கணிப்பைவிடக் கணிசமாக அதிகம். நியூட்ரினோ ஒரு நியூட்ரானை மட்டும் தள்ளுவதில்லை, சில நேரம் சேர்ந்திருக்கும் இரண்டு துகள்களையும் ஒன்றாகத் தள்ளிவிடுகிறது என்பதே முக்கியக் காரணமாக இன்று கருதப்படுகிறது. பழைய மென்பொருளில் அந்தப் பகுதியே இல்லை!

இந்திய ஆய்வாளர்கள் மோதலைக் கணிக்க நுவான்ஸ் என்ற மென்பொருளையும், சிதறிய துகள்கள் இரும்புக்குள் போகும் பாதையைக் கணிக்க ஜியன்ட்4-ஐயும் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு மோதலையும் தாயக்கட்டை உருட்டுவதுபோல் நிகழ்தகவுப்படி கணினி உருட்டிப் பார்க்கிறது, இப்படி லட்சக்கணக்கில். ஆனால் எவ்வளவு உருட்டினாலும் அது உண்மையான அளவீட்டுக்கு மாற்றாகாது என்பதை மினிபூன் காட்டிவிட்டது. மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறிய மாதிரிக் கருவி அமைக்கப்பட்டது. அது பதிவு செய்வது காஸ்மிக் கதிர்களிலிருந்து வரும் மியூவான்களை.

இன்று பரவலாகப் பயன்படும் ஜீனி என்ற மோதல் மென்பொருள் இலவசம், அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. லினக்ஸ் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். பெரம்பலூரில் வீட்டில் இருந்தபடியே ஓட்டிப் பார்க்கலாம். சி++ மொழி ஓரளவு தெரிய வேண்டும். மேல்நிலை வகுப்பில் பலரும் தவிர்க்கப் பார்க்கும் நிகழ்தகவுப் பாடம் கட்டாயம் தேவைப்படும்.