பெருஞ்செடியும் சிறு பூச்சாடியும்

தம்பிலுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையிலே பெருஞ்செடியொன்று நிற்கின்றது. அதன் ஓரிலை ஒரு சிறு பிள்ளைக்குக் குடையாகும். பாடம் கேட்க வரும் மாணவர், "இது என்ன செடி சேர்?" என்று வினவாமல் படியேறுவதில்லை. "சேம்புக்கு உறவு" என்பதே நான் கூறும் விடை.

உண்மையும் அதுவே. பிலோடெந்திரன் என வழங்கும் இச்செடி, நம் தோட்டத்துச் சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. அமெரிக்கக் கண்டத்து வெப்பக் காடுகளே இதன் தாயகம். 'மரத்தை நேசிப்பது' எனப் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் இப்பெயரை அமைத்தவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வியன்னா நகரத் தாவரவியலறிஞர் ஷொட் என்பார். இவ்வினத்துட் பல, மரங்களைப் பற்றியேறும் கொடிகளாதலின் பெயர் பொருத்தமானதே. எங்கள் செடியோ பற்றுக்கோடின்றித் தானே தண்டு பருத்து நிற்கும் பிரேசில் நாட்டு வகை. 2018ஆம் ஆண்டில் அறிஞர் இதனைப் பிரித்து வேறொரு பேரினத்துட் சேர்த்தனர். எனினும் வீடுகளிற் பழைய பெயரே நிலைத்திருக்கின்றது.

பெருஞ்செடி வளர்ப்போர் செய்யும் முதற்பிழை, நன்றாகத்தானே நிற்கின்றது என்று பல்லாண்டுகள் ஒரே சாடியில் விட்டுவிடுதலாகும். அடித்துளையால் வேர் வெளிவருதல், ஊற்றிய நீர் மண்ணில் நில்லாது ஓடுதல், புதிய இலைகள் சிறுத்தல் ஆகியவை இடம் போதாமையின் அறிகுறிகள். வேரறுந்தாற் செடி பட்டுவிடுமோ என்றஞ்சி நானும் நான்காண்டுகள் வாளாவிருந்தேன். பின்பு துணிந்து, இனித் தொல்லையே வேண்டாமென்று மிகப் பெரிய சீமெந்துத் தொட்டியில் நட்டேன். அது இரண்டாம் பிழையாயிற்று. வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கி, ஒரு மாதத்தில் அழுகல் நாற்றம் வந்தது. கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டியெறிந்து சிறிய சாடிக்கு மாற்றியே செடியைக் காத்தேன்.

புதுச்சாடி பழையதினும் இரண்டு, மூன்று அங்குலம் அகன்றிருந்தாற் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இவ்வேலை ஆகாது. அது தணிந்து முதல் மழை விழும் ஐப்பசித் தொடக்கமே நம் பகுதிக்கு ஏற்றது. முதல்நாள் நன்றாக நீரூற்றி, மறுநாள் இலைகளைப் பழைய சேலைத் துண்டினாற் கட்டி, சாடியைச் சாக்கின்மேற் சரித்து இருவராகச் செடியை மெல்ல இழுக்க வேண்டும். தோட்டமண் இரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, இவற்றுடன் கரித்துண்டுகள் சிலவும் கலந்து கொள்க. கடற்கரை மணலைச் சேர்த்தலாகாது. அதன் உப்பு வேரைக் கெடுக்கும். முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, இரு வாரம் நிழலில் வைத்தல் நன்று. மேல்மண் காய்ந்த பின்னரே நீரூற்ற வேண்டும்.

கன்று எடுப்பதும் அரிதன்று. கணுவும் தொங்குவேரும் உள்ள தண்டுத் துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயிற் கரித்தூள் தடவி, ஒருநாள் உலரவிட்டுச் சிறு சாடியில் நடுக. புதிய இலை விரியச் சில கிழமைகள் செல்லும். அதுவரை பொறுமையே எரு.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இச்செடியின் சாற்றில் ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் உள்ளன. சேம்பை வெட்டுங்காற் கை அரிப்பதும் இவற்றாலேயே. ஆதலின் கையுறை அணிக. குழந்தைகளும் ஆடுகளும் இலையைக் கடிக்க விடாதீர். சாடியின் அடித்தட்டிலே நீர் தேங்கவும் விடலாகாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதை மறத்தலாமோ?

எங்கள் அன்னையார் வளர்த்த முதற்செடி இன்று இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோரத்திலிருந்த எங்கள் பழைய வீட்டை வேலியோடு கொண்டு சென்றது. ஊர் இழந்த உயிர்களை எண்ணும்போது ஒரு செடியைப் பற்றிப் பேசவும் நாணமாகின்றது. ஆனால், அதற்கு முந்திய ஆண்டு அன்னையார் அச்செடியின் தலையை வெட்டி, சம்மாந்துறையில் வாழும் தந்தையாரின் நண்பருக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் மீண்டும் வீடு கட்டிக் குடியேறியபோது அப்பெரியவர் பால்மாத் தகரமொன்றில் ஈரிலைக் கன்றோடு வந்து, "தங்கச்சி, இது உங்கட செடிதான்" என்றார். அன்னையார் இரு கைகளாலும் அதனை வாங்கினார். விறாந்தையில் இன்று நிற்பது அக்கன்றேயாகும்.

ஆதலால், செடி பெருத்ததும் கத்தியெடுக்க அஞ்சாதீர்கள். ஒரு துண்டையேனும் தொலைவில் உள்ள ஒருவருக்குக் கொடுத்து வையுங்கள். இவ்வாண்டு நான் எடுத்த கன்றுகள் மூன்று. அவற்றுள் ஒன்று சம்மாந்துறைக்குச் செல்லும்.