தணலுக்கு மேலே ஒரு தண்ணீர்க் கணக்கு

அர்ஜென்டினாவில் ஞாயிறு மதியம் உறவும் நட்பும் கூடினால், கொல்லைப்புறத்தில் விறகு எரித்துத் தணலாக்கி மாட்டிறைச்சி சுடுவார்கள். அந்த உணவுக்கும் விருந்துக்கும் சேர்த்து அசாடோ என்று பெயர். சாப்பிட உட்கார்ந்ததும், சுட்டவருக்கு எல்லோரும் கைதட்டுவது மரபு. தட்ட வேண்டியதுதான், காலையிலிருந்து அவர் தண்ணீரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

பச்சை இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் சுட்ட கறியின் வாசனையைத் தரும் வேதிவினை 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும். அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பேறுவதை 1912-ல் விவரித்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். நம் தோசையின் ஓர முறுகலும் அதே வினைதான். இறைச்சியில் கந்தகமுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் சேர்வதால், துளியிலும் துளி இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும் கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. இவ்வளவும் நடக்க, முதலில் மேல்தோல் காய வேண்டும்.

ஜெர்மானிய வேதியியல் மேதை லீபிக், 1847-ல் வந்த தன் நூலில், கடும் சூட்டில் இறைச்சியின் மேற்புறம் இறுகிச் சாற்றை உள்ளே அடைத்துவிடும் என்றார். சமையல்காரர்கள் நூறு வருடத்துக்கு மேல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் சொல்பவர்கள் உண்டு. கம்பியில் போட்டதும் கேட்கிற 'சுர்ர்' சத்தமே அதற்கு மறுப்பு. சாறு கசிந்து ஆவியாகிற சத்தம் அது. மேல்தோல் உண்மையிலேயே அடைத்திருந்தால் சுடுகிற இடம் நிசப்தமாகியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1865-ல் தொடங்கிய லீபிக் பெயர் தாங்கிய நிறுவனம், அர்ஜென்டினாவுக்கு எதிர்க்கரையில், உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊரில், இறைச்சியைக் காய்ச்சிச் சாறெடுத்தே உலகெங்கும் விற்றது.

மேலே காய வேண்டும், உள்ளே காயக் கூடாது. சிக்கல் இங்கேதான். 60 டிகிரியைத் தாண்டினால் தசை இழைகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உறை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் சாற்றை வெளியே தள்ளும். கூடவே மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நிறம் மாறும். தட்டில் வடிகிற சிவப்பு நீர் ரத்தமல்ல, இந்தப் புரதம் கலந்த தண்ணீர். மென்மையான துண்டை அந்த எல்லைக்கு முன்பே இறக்கிவிடலாம். அசாடோவின் செல்லப்பிள்ளையான விலா எலும்புத் துண்டில் அது நடக்காது. அதில் கொலாஜன் அதிகம். அது கரைந்து ஜெலட்டினாக மணிக்கணக்கில் இளஞ்சூடு வேண்டும். அதனால் சுடுகிறவர் ஓரமாக விறகை எரித்து, கங்குகளை மட்டும் வாரிக் கம்பிக்கு அடியில் பரப்புகிறார். உள்ளங்கையைக் கம்பிக்கு மேல் பிடித்து, எத்தனை விநாடி தாங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அவருடைய வெப்பமானி.

கொழுப்பு கங்கில் சொட்டினால் புகை எழும். கொஞ்சம் என்றால் மணம். அளவு மீறினால் தீ எழும்பிக் கரி படியும், உடலுக்குக் கேடான சேர்மங்களும் படியும். அங்கே பல அடுப்புகளில் கம்பிக்குப் பதிலாக, சரிவாக வைத்த வாய்க்கால் போன்ற இரும்புப் பட்டைகள் இருக்கும். கொழுப்பு அதன் வழியே ஓடி முன்னாலுள்ள தொட்டியில் விழும்.

தீயால் முடியாததைச் சிமிச்சுர்ரி என்ற சாஸ் செய்கிறது. பார்ஸ்லி, பூண்டு, ஆரிகேனோ, மிளகாய்த் தூள், வினிகர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். கொழுப்பு நாக்கில் படலமாகப் படியும்போது வினிகரின் புளிப்பு எச்சிலை ஊறவைத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும். முழுப் பூண்டுக்கு வாசனை குறைவு. கத்தி பட்டதும் தனித்தனி அறைகளில் இருந்த ஒரு நொதியும் இன்னொரு பொருளும் சந்தித்து, நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. அமிலம் அந்த நொதியை முடக்கிவிடும். ஆகவே நறுக்கிச் சற்றுப் பொறுத்து வினிகர் ஊற்றினால் காரம் ஓங்கும், உடனே ஊற்றினால் அடங்கும். ஆரிகேனோவின் மணமோ எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், அதுவும் மெதுவாக. சிமிச்சுர்ரியை முதல் நாளே கலந்து வைப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.