தரை பார்க்கும் மூளை

கருந்திரையில் ஏராளமான வெள்ளைப் புள்ளிகள் தாறுமாறாக அலைகின்றன. அவற்றுள் ஒரு பகுதி மட்டும் ஒரே திசையில் நகரத் தொடங்குகிறது. தனிப்புள்ளி ஒன்றைப் பின்தொடர்ந்தால் எதுவும் பிடிபடாது. மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் திசை புலப்படும். இந்த ஒருமித்த நகர்வை மூளை எங்கே, எப்படிக் கண்டுகொள்கிறது?

குரங்குகளில் விடை ஓரளவு தெளிவு. பார்வைப் புறணியில் ‘எம்.டி.’ என்றொரு சிறு பகுதி இருக்கிறது. அதைச் சேதப்படுத்தியபோது குரங்குகள் திசையறியத் திணறியதை 1988இல் நரம்பியல் ஆய்வாளர் வில்லியம் நியூசோம் காட்டினார். 1990இல் அவருடைய குழு அதே பகுதியில் மெல்லிய மின்சாரம் செலுத்தியது. குரங்கின் தீர்ப்பே ஒரு திசைப் பக்கம் சாய்ந்தது. புலனறிவின் ஆய்வில் இவ்வளவு துணிவான சோதனைகள் அபூர்வம்.

சுண்டெலியின் கதை வேறு. அதன் பார்வைக் கூர்மை நம்முடையதில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் முதன்மைப் பார்வைப் புறணியைச் சுற்றி ஏறத்தாழ பத்துச் சிறு பகுதிகள் அதற்கு உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நியூரான் தூண்டப்படும்போது ஒளிரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு இந்தப் புள்ளிகளையும் இயற்கைக் காட்சிக் காணொளிகளையும் காட்டினார்கள். 2020இல் முடிவுகள் வெளிவந்தன. ‘எம்.டி.’ போல ஒரே இடத்தில் குவியாமல், ஒருமித்த நகர்வுக்கான எதிர்வினை பல பகுதிகளில் பரவியிருந்தது. பார்வைச் செய்தி புறணியில் செல்லும் இரு தடங்களுள், மேல்புற ஓடையைச் சேர்ந்த பகுதிகளில் வலுவாகவும் கீழ்ப்புற ஓடையில் மெலிந்தும் இருந்தது.

என்னை ஈர்த்தது அடுத்த செய்தி. ஒரே பகுதிக்குள்ளும் வேற்றுமை! பார்வைப் புலத்தின் கீழ்ப்பாதியைக் கவனிக்கும் நியூரான்களே ஒருமித்த நகர்வுக்குக் கூடுதலாகத் துலங்கின.

இதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தரையோடு தரையாக ஓடும் உயிருக்குக் கண்ணுக்குக் கீழே மண்ணும் சருகும் ஒன்றாகப் பின்னோக்கிப் பாய்கின்றன. தன் வேகத்தையும் திருப்பத்தையும் அந்த ஓட்டத்திலிருந்து அது கணிக்கலாம். மேற்பாதியின் கவலை வேறு. தலைக்கு மேல் விரிந்துவரும் கரிய வட்டத்தைக் கண்டதும் சுண்டெலி ஓடி ஒளிகிறது, அல்லது உறைந்து நிற்கிறது என்று 2013இலேயே காட்டியிருக்கிறார்கள். வானத்துப் பருந்தும் காலடித் தரையும் ஒரே கண்ணிடம் வெவ்வேறு வேலை கேட்கின்றன. சுண்டெலியைச் சின்னக் குரங்காக எண்ணி ‘எம்.டி.’யைத் தேடியிருந்தால் இந்த வேற்றுமை தப்பியிருக்கும்.

ஆனால், இந்த ஆய்வு அளந்தது எதிர்வினையை. கீழ்ப்புலத்து நியூரான்களை மட்டும் அடக்கிவைத்தால் சுண்டெலி திசை தடுமாறுமா என்பதற்கு, குரங்குகளில் நடந்ததைப் போன்ற சோதனைதான் பதில் சொல்ல முடியும்.