இயற்பியலாளர்களுக்கு ஒரு வைரஸ் வகுப்பு

பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்கள் உண்டு. ஃபேஜ் என்று பெயர். அந்தத் தாக்குதலில் ஒருசில பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துக்கொள்ளும். அந்த வலு வைரஸைச் சந்தித்த பிறகு வந்ததா, அதற்கு முன்பே தற்செயலாக அமைந்திருந்ததா?

1943-இல் இதற்கு விடை கண்டவர்கள் இருவர். சால்வடோர் லூரியா மருத்துவம் படித்தவர், சோதனையை வகுத்தார். மாக்ஸ் டெல்புரூக் இயற்பியலாளர், கணக்கைப் போட்டார். பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்துப் பிறகு வைரஸிடம் விட்டார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் வலு வருகிறது என்றால், பிழைப்பவற்றின் எண்ணிக்கை எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் குழாய்க்குக் குழாய் அது தாறுமாறாக மாறியது. எந்தக் குழாயில் மாற்றம் சீக்கிரமே நிகழ்ந்ததோ, அங்கே அதன் சந்ததி பெருகிக் கிடந்தது. மாற்றம் முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதை நிறுவியது அந்தக் கணக்குதான். கணினி ஆய்வகங்களுக்குள் வருவதற்கு முன்பே நடந்த கணிப்பு உயிரியல் இது.

1945 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் டெல்புரூக் ஒரு குறுகிய கால வகுப்பைத் தொடங்கினார். ஃபேஜைப் பாடமாக எடுத்ததில் நல்ல யோசனை இருந்தது. ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். வைரஸோடு கலந்து இன்று தட்டில் வைத்தால் வைரஸ் அழித்த இடங்கள் நாளைக் காலையில் வட்ட வட்டமாகத் தெரியும்; எண்ணிவிடலாம். எண்களில் பழகிய இயற்பியலாளருக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் வேண்டுமா? அணுக்கரு ஆராய்ச்சியில் பேர்பெற்ற லியோ சிலார்டு 1947-இல் அங்கே மாணவராக உட்கார்ந்தார். மறு ஆண்டு வந்த இயற்பியலாளர் சீமோர் பென்சர், பின்னாளில் ஒரே மரபணுவின் உள்ளமைப்பையே வரைபடமாக்கினார்.

பொறியியல் மாணவருக்கு ஓர் உயிரியல் தாள், உயிரியல் மாணவருக்கு ஒரு நிரலாக்கத் தாள் என்று பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டுத் திருப்தியடைகிற கல்லூரிகள் இந்த வகுப்பைக் கவனிக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் அந்தத் தாள் மறந்துவிடும். தன் கையால் வைத்த தட்டில் எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று ஓர் இரவு மண்டையை உடைத்துக்கொண்டது மறக்காது.

பின்னாளில் இப்படித் துறை தாண்டியவர்களில் ஒருவர் எம்.ஐ.டி.யின் கணினிப் பொறியாளர் டாம் நைட். நாற்பது வயதைக் கடந்த பிறகு உயிரியல் பாடங்களைப் படித்து, கணினி ஆய்வகத்துக்குள்ளேயே உயிரியல் சோதனைக்கூடம் அமைத்தார். மின்னணுப் பாகங்களைப் போல டி.என்.ஏ. துண்டுகளையும் ஒரே தர அளவில் செய்து இணைக்கலாம் என்ற அவரது சிந்தனை, 2003-இல் அங்கே தொடங்கிய மாணவர் பயிற்சிக்கு அடித்தளமானது. அடுத்த ஆண்டே அது 5 அணிகளின் போட்டியாயிற்று. இன்று ஐஜெம் என்ற பெயரில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான அணிகள் போட்டியிடுகின்றன; சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் பங்கேற்றிருக்கிறார்கள்.

2006-இல் இந்தப் போட்டிக்காக எடின்பரோ பல்கலைக்கழக அணி, குடிநீரில் ஆர்சனிக் இருந்தால் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவை வடிவமைத்தது. பாக்டீரியா ஆர்சனிக்கை உணர்ந்ததும் நீரின் அமிலத்தன்மை மாறும். நிறங்காட்டி வைத்துக் கண்டுகொள்ளலாம். வங்கதேசத்தின் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் பெருந்துயரமாக இருந்த காலம் அது. எவ்வளவு ஆர்சனிக்குக்கு எவ்வளவு மாற்றம் என்பது கணிதக் கேள்வி. பாக்டீரியா அதற்கு இணங்குமா என்பது உயிரியல் கேள்வி. இரண்டும் ஒரே மேசையில் பேசப்பட்டாக வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிரிப்பொறியியல் முனைவர் பட்டத் திட்டம் அந்த மேசையை விதியாகவே வைத்திருக்கிறது: மாணவருக்கு நெறியாளர்கள் இருவர், ஒருவர் பொறியியலிலிருந்து, மற்றவர் உயிரியலிலிருந்து.