துணைப்பாடம் என்னவென்று கேட்டுவிட்டுச் சேருங்கள்

"ஜியாலஜியும் ஜியாகிரஃபியும் ஒண்ணுதானே சார்? இப்ப எர்த் சயின்ஸ்னு வேற சொல்றாங்க. அது இதுல எது?"

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பெற்றோர் கேட்கிற கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. உட்காருங்கள், டீ வரட்டும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம், இல்லாவிட்டால் விண்ணப்பத்திலேயே தவறு வரும். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரஃபி. குவாரிகளைக் கவனிக்கும் அரசுத் துறையின் பெயரோ 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை'. அங்கே அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. அதனால் விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெயரையும் பார்த்தே தேர்ந்தெடுங்கள். நம் பேச்சில் ஜியாகிரஃபி புவியியல், ஜியாலஜி நிலவியல், எர்த் சயின்ஸ் புவி அறிவியல் என்று வைத்துக்கொள்வோம்.

இனி பல்லாவரம் மலைக்குப் போவோம். ஏற வேண்டாம், ஜி.எஸ்.டி. சாலையில் நின்று பார்த்தால் போதும். நிலவியல் படிப்பவர் அங்கே கிடக்கும் கருங்கல் சில்லு ஒன்றை எடுத்து, இதில் என்னென்ன கனிமங்கள், பூமிக்குள் எத்தனை ஆழத்தில், எவ்வளவு வெப்பத்தில் இது உருவானது என்று கேட்பார். அந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல்லும் இதே வகை. அதனால் இந்தப் பாறைகளை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சூட்டிய பெயரே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

புவியியல் படிப்பவர் மலையைச் சுற்றிலும் பார்ப்பார். கல் எடுத்த பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன, ரயில் பாதை வந்தபின் ஊர் எந்தப் பக்கமாக வளர்ந்தது, சரிவில் வீடு கட்டியவர்கள் யார், மழைத்தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்று கேட்டு, பதிலை வரைபடமாக்குவார். அதற்குப் பொருத்தமான இடமும் அதுவே. பக்கத்துப் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை வில்லியம் லாம்ப்டன் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10 அன்று. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவைக்கு அதுதான் தொடக்கம்.

புவி அறிவியல் படிப்பவருக்கு மலை ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. வடகிழக்குப் பருவமழை, நிலத்தடி நீர், பள்ளிக்கரணைச் சதுப்பு, அதற்கு அப்பால் உள்ள கடல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஒன்று மாறினால் மற்றது என்ன ஆகும் என்று கணக்குப் போடுவார். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அந்த வகை வேலை நடக்கும் இடங்களில் ஒன்று.

கேள்வி வேறாக இருப்பதால் பட்டத்துக்குள் இருக்கும் பாடமும் வேறு. வெளிச்சட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. என்றால் மூன்று ஆண்டு, ஆறு பருவம். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், நான்காவதில் திறன் பாடங்கள், ஐந்தாவதில் என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. பெரும்பாலான இடங்களில் மொத்தம் 140 கிரெடிட். தாளுக்கு இன்டர்னல் 25, பருவத் தேர்வு 75, தேர்ச்சிக்கு 40. யுஜிசி 2022இல் வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டும், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 கிரெடிட்டும் கேட்கிறது. வெளி மாநிலத்தில் சேர்க்க நினைப்பவர்கள் அந்த நான்காவது ஆண்டையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலவியலில் சேர பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு தேவை. முதல் ஆண்டிலேயே மரத்தில் செய்த படிக மாதிரிகளைக் கையில் கொடுத்து, ஏழு படிக அமைப்புகளில் இது எது என்று கேட்பார்கள். அடுத்து கனிமங்கள்: நிறம், பளபளப்பு, பீங்கானில் தேய்த்தால் விழும் கீற்றின் நிறம், மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை கடினம். பிறகு பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பயிற்சி. வெளியில் வெறும் கறுப்பாகத் தெரிந்த சார்னோகைட், அந்தச் சீவலில் கனிமம் கனிமமாகப் பிரிந்து தெரியும். புதைபடிவம், அடுக்கியல், கட்டமைப்பு நிலவியல், கனிம வளம், நிலத்தடி நீர் எல்லாம் அடுத்தடுத்த பருவங்களில் வரும்.

நிலவியல் பட்டத்தின் உயிர் களப்பயணம். சுத்தியல், காம்பஸ், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சுண்ணாம்புப் பாறையா என்று சோதிக்க ஒரு குப்பி நீர்த்த அமிலம், குறிப்பேடு. இவ்வளவுதான் கருவி. தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் கொடுப்பினை உண்டு. அரியலூர்ப் பக்கம் போனால் கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற படிவுகள். அம்மோனைட் ஓடுகளை மண்ணிலேயே பார்க்கலாம். பக்கத்துச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம். சேலத்தில் மேக்னசைட் வெட்டும் சுண்ணாம்புக் கரடு. நாமக்கல் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட்; நிலவின் மண்ணைப் போலச் செய்து பார்க்க இஸ்ரோவுக்குப் பயன்பட்ட பாறை அது. படிவு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று வெயிலில் நின்று அளந்து, இரவில் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாதவர் கையில் இருப்பது பெயரளவுப் பட்டம்.

புவியியலில் கதவு அகலம். வரலாறு, வணிகவியல் பிரிவில் படித்தவர்களையும் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் இது மனப்பாடப் படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சங்கிலி, பிரிஸ்மாட்டிக் காம்பஸ், பிளேன் டேபிள், டம்பி லெவல் வைத்து மைதானத்தை அளக்க வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் இறக்கும் கோட்டுச் சட்டங்களைக் கணக்குப் போட்டு வரைய வேண்டும். இந்திய சர்வே துறையின் 1:50,000 டோப்போஷீட்டில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். அதில் ஓடும் சமஉயரக் கோடுகளைப் பார்த்தே பள்ளத்தாக்கு எது, முகடு எது என்று சொல்லத் தெரிய வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று புள்ளியியல் வரும். ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய் எடுக்கும் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு வரும். கடைசி ஆண்டில் தொலையுணர்வும், புவித் தகவல் முறைமையான ஜிஐஎஸ்ஸும். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளை முதல் ஆண்டிலேயே வீட்டுக் கணினியில் ஏற்றிப் பழகிய மாணவர், மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்பார்.

புவி அறிவியல் என்ற பெயரில் பட்டம் தரும் இடங்கள் குறைவு. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு ஒரு வழி. கொல்கத்தா, புணே, போபால் ஐசர்களில் இதற்குத் துறைகள் உள்ளன. நுழைய ஐஏடி தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் சமமாகக் கேள்விகள். உள்ளே போனதும் பாறையைத் தொடுவதற்கு முன் கணிதமும் இயற்பியலும் படிக்க வேண்டும். கணக்கென்றால் ஒதுங்குகிற பிள்ளையை இங்கே தள்ளாதீர்கள். பொறியியல் பக்கமாகப் போக விரும்பினால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது, வழக்கமான பொறியியல் கலந்தாய்வு வழியாகவே இடம்.

இதுவரை சொன்னது எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். அநேகம் பேர் கவனிக்காமல் விடுவது துணைப்பாடத்தை. இறங்க வேண்டிய ஊரைப் பார்த்து டிக்கெட் எடுப்பதுபோல, அடுத்த கட்டத்தில் என்ன கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மத்திய தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கும் தேர்வு. அதில் நிலவியலாளர் பணிக்கு பி.எஸ்சி. போதாது, நிலவியலிலோ அதை ஒட்டிய துறையிலோ முதுகலை வேண்டும். புவியியல் முதுகலை அந்தப் பட்டியலில் இல்லை. சுரங்கத் திட்டம் தயாரித்துக் கையெழுத்திடவும் அப்படித்தான்: சுரங்கப் பொறியியல் பட்டமோ நிலவியல் முதுகலையோ, அதோடு ஐந்தாண்டு அனுபவமும் விதி கேட்கிறது. ஆக, நிலவியலில் சேர்பவர் மூன்றாண்டுக்கு அல்ல, ஐந்தாண்டுக்குத் திட்டமிட வேண்டும்.

அந்த முதுகலையை ஐஐடியில் படிக்க 'ஜாம்' தேர்வு எழுத வேண்டும். அதில் நிலவியலுக்குத் தனித் தாள் உண்டு, புவியியலுக்கு இல்லை. மதிப்பெண் வாங்கினால் மட்டும் முடிந்துவிடாது. பட்டப்படிப்பில் நிலவியலோடு கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் இரண்டைப் படித்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. சில இடங்களில் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்கிறாரா என்றும் பார்க்கிறார்கள். முதல் ஆண்டில் 'எது சுலபம்' என்று கேட்டு எடுத்த துணைப்பாடம், நான்காம் ஆண்டில் கதவைச் சாத்துவது இப்படித்தான்.

கல்லூரி ஆசிரியராக வேண்டுமானாலும் பாதை பிரிந்துதான் இருக்கிறது. புவியியலுக்கு யுஜிசி நெட்; நிலவியலுக்கும் வளிமண்டல, கடல் அறிவியலுக்கும் சிஎஸ்ஐஆர் நெட். பள்ளி ஆசிரியர் வேலைக்குப் புவியியலே கை கொடுக்கும். பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். நிலவியலுக்கு நம் மேல்நிலைப் பள்ளியில் பாடமே இல்லை, அதனால் அந்த வழி குறுகல். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் இரண்டுமே விருப்பப் பாடங்கள்.

"மூணு வருஷத்தோட நிறுத்திக்கிட்டா வேலை கிடைக்குமா?" கிடைக்கும், ஆனால் சின்ன வேலையாகத் தொடங்கும். புவியியல் பட்டதாரிக்கு ஜிஐஎஸ் நிறுவனங்களில் வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் பணி. நிலவியல் பட்டதாரிக்கு குவாரிகளில் உதவியாளர் பணி, ரெசிஸ்டிவிட்டி மீட்டர் வைத்து போர்வெல்லுக்கு இடம் பார்க்கும் பணி.

"பொம்பளப் புள்ளைக்கு ஒத்துவருமா?" இதையும் தயங்காமல் கேளுங்கள். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலையிலிருந்து விலக்கி வைத்திருந்தது உண்மை. 2019இல் வந்த அறிவிப்பு, தொழில்நுட்பம், மேற்பார்வை சார்ந்த பணிகளில் பகல் நேரத்தில் அவர்கள் உள்ளே இறங்க வழி செய்தது. சுதீப்தா சென்குப்தா என்ற நிலவியலாளர் 1983இலேயே இந்தியக் குழுவோடு அண்டார்டிகா போய்ப் பாறைகளை ஆராய்ந்தவர். களப்பயணத்தில் தங்குமிடமும் கழிப்பறையும் எப்படி என்பது நியாயமான கேள்வி. அதைத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னை மாநிலக் கல்லூரி, கோவை, சேலம் அரசு கலைக் கல்லூரிகளில் புவியியல், நிலவியல் இரண்டும் இருக்கின்றன. ராணி மேரியில் புவியியல், திருச்சி நேஷனலில் நிலவியல். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம் போதும். ஆனால் இடம் கிடைத்த பிறகு, கட்டணம் கட்டுவதற்கு முன், ஒருமுறை துறைக்கு நேரில் போங்கள்.

போய் நான்கு கேள்வி கேளுங்கள். துணைப்பாடம் எவை, அவற்றில் நமக்குத் தேர்வு உண்டா? மூன்றாண்டில் எத்தனை நாள் களப்பயணம், கடைசியாக எங்கே போனார்கள்? மைக்ரோஸ்கோப்பும் கணினியும் எத்தனை மாணவருக்கு ஒன்று? போன வருடம் முடித்தவர்கள் எந்த முதுகலையில் சேர்ந்தார்கள்? நான்காவது கேள்விக்கு வரும் பதிலைக் குறித்துக்கொண்டு, அந்த முதுகலையின் தகுதி விதியை எடுத்து முதல் கேள்விக்கு வந்த பதிலோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் அன்றே கட்டணம் கட்டிவிடலாம்.