அழிக்க முடியாத 36 படங்கள்

ஃபிலிம் கேமரா மறுபிறவி எடுத்திருக்கிறது. சிறைச்சாலைக்கு முன்பே கேமராவைப் பார்த்துவிட்ட அந்தமான், அதற்கு ஒரு பழைய பாடத்தை வைத்திருக்கிறது.

மொத்தம் 36 படம். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று உடனே பார்க்க வழியில்லை. பிடிக்கவில்லையென்றால் அழிக்கவும் வழியில்லை. வண்ண ஃபிலிம் ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் செய்யும் செலவு எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அதாவது பொத்தானை ஒருமுறை அழுத்த ஏறக்குறைய 30 ரூபாய். சட்டைப் பையிலிருக்கும் செல்போன் இதையே சும்மா செய்து தரும் காலத்தில், காசு கொடுத்து இந்தத் தொல்லையை வாங்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களில் பலர் டிஜிட்டல் கேமரா வீட்டுக்குள் வந்த பிறகு பிறந்தவர்கள்.

ஃபிலிமுக்கு இரங்கல் செய்தி எழுதி வெகுநாளாகிவிட்டது. 2012 ஜனவரியில் கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை, பல ஆண்டு நஷ்டத்துக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. ஆனால் காற்று திசை மாறியது. நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமை 2018ல் கோடக் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2023 இறுதியில் பிரிட்டனின் ஹார்மன் நிறுவனம் 'ஃபீனிக்ஸ்' என்று பொருத்தமாகவே பெயர் சூட்டி ஒரு வண்ண ஃபிலிமை வெளியிட்டது. 2024ல் பென்டாக்ஸ் புத்தம்புதிய ஃபிலிம் கேமரா ஒன்றையே தயாரித்து விற்கத் தொடங்கியது.

ஏன் ஃபிலிம் என்று கேட்டால் அதன் ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் பதில்: நிதானம். எண்ணி எடுக்க வேண்டியிருப்பதால் எதிரே இருப்பதை மரியாதையோடு பார்க்கிறோம் என்பது அவர்கள் வாதம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம் விமானத்தில் பறந்தால் வரும் அந்தமானில் இந்த வாதத்தை உரசிப் பார்க்கலாம். 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் அடையாளமான செல்லுலார் ஜெயில் கட்டி முடிக்கப்பட்டது 1906ல். கைதிகள் முதன்முதலில் இங்கே இறக்கப்பட்டது 1858 மார்ச்சில். கேமரா அதற்கும் முன்னால் வந்துவிட்டது.

கப்பலில் வந்த கண்ணாடி

1857 பெரும் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைத்துவைக்க இடம் பார்க்க, அந்த ஆண்டு நவம்பரில் டாக்டர் மௌவட் தலைமையில் ஒரு குழு கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. கூடவே போனார் ஆஸ்கர் மாலிட் என்ற போட்டோகிராபர். அன்று ஃபிலிம் சுருள் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். போகுமிடமெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் ஒரு சில படங்கள் தேறும். நிதானம் என்றால் இதுவல்லவா நிதானம்!

அந்தப் பயணத்தில் தீவுவாசி ஒருவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். மாலுமிகள் அவருக்கு 'ஜாக்' என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவில் படமெடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனதும் திரும்பக் கொண்டுவந்து தீவில் விட்டார்கள். வரலாற்றில் நின்றது 'ஜாக்' என்ற பெயர்தான்.

அடுத்த அத்தியாயம் மாரிஸ் விடால் போர்ட்மேன். 1879ல் அந்தமான் பழங்குடியினருக்கான அதிகாரியாக நியமிக்கப்பட்டவர். மறு ஆண்டு வட சென்டினல் தீவில் இறங்கி வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துவந்தார். பெரியவர்கள் இருவரும் போர்ட் பிளேரில் நோயுற்று இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1890களில் இவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக எடுத்த படங்கள் தொகுதி தொகுதியாகச் சேர்ந்தன. உடல் அளவு தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டம் போட்ட பலகைக்கு முன்னால் மனிதர்களை நிறுத்தினார்.

பிளாட்டினம் முறையில் அச்சிட்ட அந்தப் படங்கள் எளிதில் மங்குவதில்லை. மங்கியது அதில் நின்றவர்களின் குலம். 1858ல் சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். இன்று ஐம்பது சொச்சம். ஆங்கிலேயர் குடியேற்றத்தோடு வந்த தட்டம்மையும் பால்வினை நோயும் அவர்களை வாரிக்கொண்டு போயின.

கண்ணாடித் தகடு போதுமான அவகாசம் கொடுத்தது. எதிரே நின்றவரிடம் சம்மதம் கேட்பதற்கு அது பயன்படவில்லை. நிதானம் தானாகவே மரியாதை ஆகிவிடாது.

அம்பு சொன்ன பதில்

சம்மதம் இல்லை என்பதைச் சென்டினல் தீவுக்காரர்கள் 1974ல் தெளிவாகவே சொன்னார்கள். மானிடவியலாளர்களும் ஆவணப்படக் குழுவினரும் படகில் நெருங்கியபோது அம்புகள் பாய்ந்தன. ஒன்று இயக்குநரின் தொடையில் தைத்தது. உடன் சென்றிருந்த ரகுபீர் சிங் எடுத்த வண்ணப் படங்கள் 1975 ஜூலை 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழில் வெளியாகி உலகம் சுற்றின.

டிஜிட்டல் காலத்தில் விலகி நிற்பது இன்னும் கடினமாகிவிட்டது. ஜாரவா பெண்களைச் சாப்பாட்டைக் காட்டி ஆடச் சொல்லும் வீடியோவை 2012 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்டது. நாடே தலைகுனிந்தது. 1956ல் கொண்டுவரப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அதே ஆண்டில் கடுமையாக்கப்பட்டது. காப்பகத்துக்குள் படமெடுத்தால் இப்போது சிறைத் தண்டனை உண்டு. இருந்தும் 2025 மார்ச்சில் ஓர் அமெரிக்கர் ரப்பர் படகில் வட சென்டினலுக்குப் போய், தேங்காயையும் குளிர்பான டின்னையும் கரையில் வைத்துவிட்டு, அதைக் கையடக்கக் கேமராவில் படம் பிடித்துக்கொண்டு திரும்பியதாகப் போலீஸ் கைது செய்தது.

ஃபிலிம் கேமராவோடு அந்தமான் போகிறவர்களுக்குச் சில்லறைக் கவலைகள் நிறைய. உப்புக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தில் ஃபிலிமின் ஜெலட்டின் கெடும். விமான நிலைய ஸ்கேனரிலிருந்து ரோலைக் காப்பாற்ற வேண்டும். இதற்கெல்லாம் சிலிகா ஜெல் பொட்டலமும், அதிகாரியிடம் கொஞ்சம் பணிவான பேச்சும் போதும்.

பெரிய சோதனை ஜிர்காடாங் செக் போஸ்ட்டில். ஜாரவா காப்பகத்தின் வழியாகப் பாராடாங் செல்லும் வாகனங்கள் அங்கிருந்துதான் வரிசையாகக் கிளம்புகின்றன. நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. செல்போனில் திருட்டுத்தனமாக எடுத்தவர் மாட்டிக்கொள்ளும் முன் அழித்துவிடலாம். ஃபிலிமில் விழுந்தது விழுந்ததுதான். காடு முடியும் இடத்தில் கேமராவின் எண், கிளம்பும்போது காட்டிய அதே எண்ணாக இருந்தால், நிதானம் என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு.